குழாயும் வாளியுமாக மேடை ஏறிய பெரியார்: குடலிறக்கமும் சிறுநீர்ப்பையும் படுத்திய பாடு... கடைசி நாட்களில் நடந்தது என்ன?

1973 டிசம்பர் 19. சென்னை தியாகராய நகரில் பொதுக்கூட்டம். மேடையில் 94 வயது பெரியார் உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென்று பேச்சு நிற்கிறது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வலியில் முனகுகிறார். கூட்டம் பதறிப்போகிறது. கொஞ்ச நேரத்தில் வலி சற்று தணிகிறது. விட்ட இடத்திலிருந்து மறுபடியும் பேசத் தொடங்குகிறார்.

அதுதான் அவரது கடைசிப் பேச்சு. அடுத்த ஐந்தாவது நாள் அவர் இல்லை.

அன்று அவரைப் படுத்தியது ஹெர்னியா என்ற குடலிறக்க வலி. அது மட்டுமல்ல. சிறுநீர் தானாக வெளியேறாமல், உடலில் ஒரு ரப்பர் குழாய், அந்தக் குழாயின் மறுமுனையில் ஒரு வாளி, இதோடுதான் வாழ்க்கையின் கடைசி ஆண்டுகள் முழுக்க அவர் ஊர் ஊராகப் போனார். மூத்திர வாளியைச் சுமந்தபடி மேடை ஏறிய கிழவர் என்று இன்றும் கட்சி பேதமில்லாமல் பலரும் சொல்வது இதைத்தான். பலமுறை கேட்டுக் கேட்டு அது ஒரு மேடை வசனம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் உடம்பில் குழாயோடு வாழ்வது என்றால் என்ன, குடலிறக்கத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன சம்பந்தம், அவ்வளவு வலியிலும் அவர் எதற்காக அலைந்தார்? இந்தக் கதையின் ஒரு முனை தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கிறது.

அம்பாசமுத்திரத்துக்கும் பெரியாருக்கும் என்ன தொடர்பு?

திருநெல்வேலியிலிருந்து தென்காசி ரயிலில் ஏறினால் சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அதை அடுத்து அம்பாசமுத்திரம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சி, அந்தப் பக்கம் அம்பை. இந்தப் பகுதியில்தான் 1920களின் தொடக்கத்தில் வ.வே.சு.ஐயர் ஒரு குருகுலம் தொடங்கினார். முதலில் கல்லிடைக்குறிச்சியில் இருந்தது, பிறகு சேரன்மாதேவிக்கு மாறியது.

ஐயர் சாதாரண ஆள் இல்லை. லண்டனில் புரட்சிக்காரர்களோடு இருந்தவர், புதுச்சேரியில் பாரதியின் நண்பர், திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அவர் நடத்தும் தேசியப் பள்ளி என்பதால் தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. அன்றைக்கு அது பெரிய பணம்.

அப்போது ஒரு செய்தி வெளியே கசிந்தது. குருகுலத்தில் பிராமண மாணவர்கள் இருவருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு, மற்ற பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. அங்கே படித்தவர்களில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் ஒருவர். விஷயம் வெளியே வந்ததும் பி.வரதராஜுலு நாயுடு தன் பத்திரிகையில் விடாமல் எழுதினார். காங்கிரஸில் பொறுப்பில் இருந்த ஈ.வெ.ராமசாமி, அதாவது பெரியார், மீதி 5,000 ரூபாயைக் கொடுக்க மறுத்தார். அவருக்குத் தெரியாமலேயே இன்னொரு நிர்வாகி அந்தப் பணத்தைக் கொடுத்துவிட, சண்டை இன்னும் முற்றியது.

காந்தி வரை போன அந்தப் பஞ்சாயத்து யாருக்கும் திருப்தி தராமலேயே முடிந்தது. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் பாபநாசம் அருவிக்குப் பிள்ளைகளோடு போனபோது, தண்ணீரில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து அவரும் இறந்துபோனார். அம்பையிலிருந்து பாபநாசம் கூப்பிடு தூரம்தான். இந்தச் சாவு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருப்பார்களோ என்று நெல்லைப் பக்கம் வரலாறு தெரிந்தவர்கள் இன்றும் கேட்பதுண்டு.

பெரியாரைப் பொறுத்தவரை, பந்தியில் தனி இடம் என்ற அந்தக் கேள்வி அதோடு முடியவில்லை. அதே 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கொடுக்கவில்லை என்று காங்கிரஸை விட்டே வெளியேறினார். அதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே, மே மாதம், குடிஅரசு பத்திரிகையைத் தொடங்கியிருந்தார்.

அதற்கு முன் அவர் யார்?

1879 செப்டம்பர் 17, ஈரோட்டில் பிறந்தார். அப்பா வெங்கடப்ப நாயக்கர் வசதியான வியாபாரி. பள்ளிக்கூடம் சில வருடங்களோடு சரி, பிறகு மண்டியில் உட்கார்ந்துவிட்டார். 19 வயதில் நாகம்மையோடு கல்யாணம். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு காசிக்குப் போனார், திரும்பி வந்தார், ஈரோடு நகராட்சித் தலைவரானார். 1919-ல் காங்கிரஸில் சேர்ந்தார். கள்ளுக்கடை மறியல் நேரத்தில் தன் தோப்பில் இருந்த 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் எல்லாரும் நடக்க வேண்டும் என்ற போராட்டத்துக்காக இரண்டு முறை சிறைக்குப் போனார்.

அதன் பிறகு சுயமரியாதை இயக்கம், ஐரோப்பா பயணம், 1938 இந்தி எதிர்ப்பு, 1944 சேலத்தில் திராவிடர் கழகம் எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இங்கே சொல்ல வேண்டியது அந்த உடம்பைப் பற்றி.

சாகும்வரை அந்த உடம்பு ஓய்வே பார்க்கவில்லை. திராவிடர் கழகத்தினர் போட்ட ஒரு கணக்குப்படி அவர் கலந்துகொண்ட நிகழ்ச்சிகள் 10,700. பேசிய நேரம் 21,400 மணி. கணக்கில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், ஒரு கூட்டத்துக்குச் சராசரியாக இரண்டு மணி நேரம் வருகிறது. கட்டை வண்டி, ரயில், கடைசியில் கழகத்தினர் வாங்கிக்கொடுத்த வேன் என்று போகாத வழி இல்லை.

குடலிறக்கம் என்றால் என்ன? சிறுநீர்ப்பை எங்கே வருகிறது?

வயிற்றுக்குள் இருப்பதை எல்லாம் உள்ளேயே பிடித்து வைத்திருப்பது வயிற்றுச் சுவர் தசை. வயதாக ஆக அது தளரும். ஆண்களுக்குத் தொடையும் வயிறும் சேரும் இடத்தில், விதைக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் இறங்குகிற ஒரு பாதை உண்டு. இயற்கையிலேயே பலம் குறைந்த இடம் அது. இருமினால், முக்கினால், கனம் தூக்கினால் அந்த வழியாகக் குடலின் ஒரு பகுதி வெளியே பிதுங்கும். படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் வெளியே வரும். கிராமத்தில் குடல் இறங்கிட்டு என்று சொல்வது இதைத்தான்.

சிறுநீர்ப்பை இருப்பது அதே இடத்துக்குப் பக்கத்தில். அதனால் இரண்டு தொல்லையும் ஒன்றையொன்று விடாது. வயதான ஆணுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்கினால் சிறுநீர்ப் பாதை இறுகும். முக்கி முக்கித்தான் ஒண்ணுக்குப் போக வேண்டியிருக்கும். அந்த முக்கலே குடலை வெளியே தள்ளும். சிலருக்குக் குடலோடு சிறுநீர்ப்பையின் ஒரு ஓரமும் சேர்ந்தே இறங்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குச் சிறுநீர் கழித்த பிறகு வீக்கம் சின்னதாவது ஒரு அறிகுறி. முன்கூட்டியே இது தெரியாமல் ஆபரேஷன் செய்தால் சிறுநீர்ப்பையில் கத்தி படும் ஆபத்து உண்டு. அதனால்தான் இப்போது சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்கேன் எடுக்கிறார்கள்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தாலும் ஒரு சிக்கல் வரும். சிலருக்கு அன்று ராத்திரியே சிறுநீர் வராது. முதுகில் போடும் மயக்க ஊசி, வலி, வலிக்குக் கொடுக்கும் மருந்து, ஏற்கெனவே வீங்கிய புரோஸ்டேட் எல்லாம் சேர்ந்து சிறுநீர்ப்பையைக் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு இது கூடுதலாக நடக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் குழாய் போட்டு எடுத்தால் சரியாகிவிடும். கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரிந்து, தானாகச் சுருங்கும் பலத்தையே இழந்துவிடலாம்.

இன்று அம்பாசமுத்திரத்தில் ஒரு தாத்தாவுக்கு இப்படி ஆனால் அரசு மருத்துவமனையில் குழாய் போட்டு, தேவைப்பட்டால் 108-ல் ஏற்றிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். இப்போது இதற்கு வலை வைத்துத் தைக்கிறார்கள். தைத்த இடம் மறுபடி விட்டுப்போவது அதனால் குறைந்திருக்கிறது. ஆனால் இந்த முறை பரவலானது 1980களுக்குப் பிறகு. பெரியார் காலத்தில் தசையைத் தசையோடு இழுத்துத் தைப்பதுதான் வழக்கம். 90 வயது உடம்பில் தளர்ந்துபோன தசை அந்தத் தையலைத் தாங்குவதே கஷ்டம். மயக்க மருந்தும் இன்றைக்கு இருக்கும் அளவுக்குப் பாதுகாப்பானது இல்லை. அதனால் அந்தக் காலத்தில் வயதான பலருக்கும் டாக்டர்கள் இடுப்பில் பட்டை கட்டி, பிதுங்குவதை உள்ளே அமுக்கி வைத்து ஓட்டச் சொல்வார்கள்.

குழாயோடு வாழ்வது என்றால்?

குழாய் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதை வைத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

முதலில் எரிச்சல். சிறுநீர்ப்பைக்குள் ஒரு அந்நியப் பொருள் இருந்துகொண்டே இருப்பதால், பை காலியாக இருந்தாலும் போக வேண்டும் போலவே இருக்கும். திடீர் திடீரென்று பை சுருங்கி இழுக்கும்போது வயிற்றைப் பிசைந்து எடுக்கும். அடுத்தது கிருமி. எவ்வளவு சுத்தமாக வைத்தாலும், பல நாள் குழாய் உள்ளே இருந்தால் கிருமி ஏறாமல் இருக்காது. குளிர் ஜுரம் வரும். குழாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் சிறுநீர் தேங்கிப் பை வெடித்துவிடும் போல வலிக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை பழைய குழாயை எடுத்துப் புதியது போட வேண்டும். வாளி எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும், மேலே தூக்கினால் சிறுநீர் திரும்ப உள்ளே போகும். நடக்கும்போதும் வண்டியில் ஏறும்போதும் குழாய் எங்கேயும் மாட்டி இழுபடக் கூடாது.

இந்தக் காலத்தில் காலில் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பை இருக்கிறது. வேட்டிக்குள் மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது. பெரியாருக்கு இருந்தது வாளி. அவர் அதை மறைக்கவும் இல்லை. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும் மேடையில், நாற்காலிக்குப் பக்கத்தில் அது இருக்கும். வெட்கப்பட்டிருந்தால் ஈரோட்டு வீட்டிலோ சென்னை பெரியார் திடலிலோ உட்கார்ந்து அறிக்கை விட்டுக்கொண்டிருக்கலாம். அவர் சொல்லி யாரும் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது யார்?

மணியம்மை. வேலூர்க்காரர். பிறந்தபோது வைத்த பெயர் காந்திமதி. நெல்லையப்பர் கோயில் அம்மன் பெயர் கடவுள் மறுப்பாளரின் மனைவிக்கு இருந்தது ஒரு வேடிக்கைதான். 1933-ல் நாகம்மை இறந்த பிறகு பெரியாரைக் கவனிக்க ஆளில்லாமல் இருந்த நிலையில், 1940களில் இயக்கத்துக்கு வந்தவர், அவருக்கு உதவியாக இருந்தார். 1949 ஜூலையில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். பெரியாருக்கு அப்போது 70 வயது நெருங்கியிருந்தது, மணியம்மைக்கு 30-ஐ நெருங்கும் வயது.

இந்தக் கல்யாணம் கட்சியையே இரண்டாக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அண்ணா தலைமையில் தி.மு.க. பிறந்தது. மணியம்மையைப் பற்றிப் பேசாத பேச்சு இல்லை, எழுதாத எழுத்து இல்லை. ஆனால் அடுத்த 24 வருடங்கள் அவர் பார்த்த வேலை என்ன? மருந்து கொடுப்பது, சாப்பாட்டைக் கவனிப்பது, குளிக்க மறுப்பவரைக் குளிக்க வைப்பது. பெரியாருக்குக் குளியல் என்றாலே ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். கடைசி வருடங்களில் இதோடு குழாயைக் கழுவுவதும் வாளியைக் கொட்டுவதும் சேர்ந்துகொண்டன. ஊர் ஊராக வேனில், தங்கும் வீட்டில், மேடைக்குப் பின்னால். மேடையில் பேசியவரைப் பற்றி ஆயிரம் புத்தகம் வந்திருக்கிறது. வாளியைக் கொட்டியவரைப் பற்றி எழுதப்பட்டது அதில் நூற்றில் ஒரு பங்கு கூட இருக்காது.

அப்படி என்ன அவசரம்?

1967-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. 18 வருடம் பிரிந்திருந்த அண்ணா, திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். அடுத்த ஆண்டே சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. வேறு ஒருவராக இருந்தால் இதோடு போதும் என்று உட்கார்ந்திருப்பார். 88 வயது, உடம்பில் நோய்.

ஆனால் அவருக்கு ஒரு பாக்கி இருந்தது. கோயில் கருவறை. கடவுளே இல்லை என்றவர், கருவறைக்குள் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகப் போக வேண்டும் என்று கேட்டது பலருக்கும் புரியவில்லை. அவர் கேட்டது சாமிக்காக இல்லை. ஒருவன் உள்ளே போகலாம், இன்னொருவன் பிறப்பினாலேயே வெளியே நிற்க வேண்டும் என்ற அந்தக் கோட்டுக்காக. சேரன்மாதேவியில் சாப்பாட்டுப் பந்தியில் போட்டிருந்ததும் அதே கோடுதான்.

கருவறை நுழைவுப் போராட்டம் நடத்தப்போவதாக அறிவித்தார். 1970 டிசம்பரில் கருணாநிதி அரசு, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1972 மார்ச்சில் வந்த தீர்ப்பு, பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்றது, ஆனால் நியமனம் ஆகம விதிப்படிதான் நடக்க வேண்டும் என்றும் சொன்னது. சட்டம் இருந்தது, உள்ளே போக வழி இல்லை.

பெரியார் மறுபடியும் கிளம்பினார். குழாயோடு, வாளியோடு, இறங்கிய குடலோடு. 1973 டிசம்பர் 8, 9 தேதிகளில் சென்னை பெரியார் திடலில் தமிழர் சமுதாய இழிவு ஒழிப்பு மாநாடு நடத்தினார். அதற்குப் பத்து நாள் கழித்து நடந்ததுதான் தியாகராய நகர் கூட்டம்.

கடைசி ஐந்து நாள்

குடலிறக்கத்தில் டாக்டர்கள் அதிகம் பயப்படுவது ஒரு விஷயத்துக்குத்தான். வெளியே வந்த குடல் திரும்ப உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டு, அதற்குப் போகும் ரத்தம் நின்றுபோவது. வீக்கம் கல் மாதிரி ஆகும், வாந்தி வரும், வலி தாங்காது. இளைஞருக்கே அது சில மணி நேரத்தில் முடிவு எடுக்க வேண்டிய அவசரம். உங்கள் வீட்டில் யாருக்காவது குடலிறக்கம் இருந்து, படுத்தும் வீக்கம் உள்ளே போகலைன்னா, காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு ஆறு, ஏழு மணி நேரமாக ஒண்ணுக்கு வரலைன்னாலும் அதே கதைதான், நேராக ஆஸ்பத்திரி.

டிசம்பர் 19 கூட்டம் முடிந்தும் பெரியாரின் வலி அடங்கவில்லை. 20-ம் தேதி சென்னை அரசு பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள் அங்கிருந்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார்கள். மணியம்மையின் சொந்த ஊர்.

24-ம் தேதி காலை 7.22 மணிக்குப் பெரியார் இறந்தார். 94 ஆண்டு, 3 மாதம், 7 நாள்.

உடல் சென்னைக்கு வந்தது. ராஜாஜி மண்டபத்தில் வைத்தார்கள். ராஜாஜியும் அவரும் கொள்கையில் எதிரும் புதிருமாக இருந்து, நட்பில் கடைசிவரை பிரியாதவர்கள், அதனால் அந்த இடம் பொருத்தம்தான். வாழ்நாளில் எந்த அரசுப் பதவியிலும் உட்காராத அந்த மனிதருக்கு அரசு மரியாதை தர முதலமைச்சர் கருணாநிதி முடிவெடுத்தார். மறுநாள் 25-ம் தேதி பெரியார் திடலில் அடக்கம் நடந்தது.

எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் என்ற கேள்வி அவரோடு போகவில்லை. 2021 ஆகஸ்டில்தான், பயிற்சி முடித்த வெவ்வேறு சாதி அர்ச்சகர்களுக்குத் தமிழக அரசு பணி ஆணை கொடுத்தது. அதன் பிறகும் வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

பெரியாருக்குப் பிறகு திராவிடர் கழகத்தின் தலைமைக்கு வந்தவர் மணியம்மை. நான்கு ஆண்டுகள் இயக்கத்தை நடத்தினார். 1978 மார்ச் 16-ல் இறந்தார். பெரியார் திடலில் அவரது சமாதி பெரியாரின் சமாதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.